ஆகாயத்தாமரையைக் காய்ச்சிய கதை

ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக் களையிலிருந்து எரிபொருள் எடுக்கும் தொழிலில் பாதி நேரம் காயவைப்பதில் போகும், மீதி நேரம் விளக்கம் சொல்வதில் போகும். கல்யாண வீட்டில் "என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டால், பந்தி முடியும்வரை பதில் சொல்ல வேண்டிய வேலையில் இருப்பவரா நீங்கள்? என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பெயிண்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாடம்பாக்கம் தாண்டி ஒரு ஷெட்டில் இதைத் தொடங்கினேன். காற்றுப் புகாத உலையில் காய்ந்த களையைச் சூடாக்கினால் அது எரியாது, ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். காகிதத்தில் இவ்வளவுதான்.

முதல் லோடு

பக்கத்து ஏரியில் இறங்கிக் களை வாரும் பெண்களுக்கு தேவகி அக்காதான் தலைவி. மூன்று நாள் இடுப்பளவு சேற்றில் நின்று வாரி, டிராக்டர் நிறைய அனுப்பினார். வெயிலில் பரப்பினோம். வாரக் கடைசியில் அவர் வந்து பார்த்தபோது அத்தனையும் நாலு சாக்குக்குள் அடங்கியிருந்தது. ஒரு சாக்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். "இன்னா மேடம், மூணு நாளா நாங்க தண்ணியத்தான் தூக்கினு இருந்தோமா?"

புளிப்பு

எண்ணெய் வந்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று, புளித்த வாடையோடு. கிழக்குத் தாம்பரத்தில் ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் லாண்டரிக்காரர் பாஸ்கர், தன் பாய்லரில் ஊற்றிப் பார்க்கச் சம்மதித்தார். மத்தியானத்துக்குள் பர்னர் அடைத்துக்கொண்டது. ஈர விரிப்புகள் குவிந்து கிடந்தன.

எண்ணெயில் அமிலமும் தண்ணீரும் இருப்பது எனக்குத் தெரியும். "பரவாயில்லை, ஓடும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான் தப்பு. பாஸ்கர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கேனை மூடி என் கையிலேயே கொடுத்தார். "இது இன்னும் எண்ணெய் ஆகல மேடம், பாதி வழியில நிக்குது. முழுசா ஆனதும் கொண்டு வாங்க."

வினையூக்கி

மீதி வழிக்குத் தேவைப்பட்டது வினையூக்கி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த வெள்ளைத் தாதுத்தூள். ஆவி அதன் வழியாகப் போகும்போது, புளிப்புக்குக் காரணமான ஆக்சிஜனில் பெரும்பகுதி கழன்றுவிடும். எண்ணெய் அளவில் குறைந்தது, தரத்தில் தேறியது. ஆனால் சில மணி நேரத்திலேயே துளைகளில் கரி படிந்து தூள் செயலிழந்துவிடும். சூடான காற்றை விட்டு அந்தக் கரியை எரித்தால்தான் மறுபடி வேலை செய்யும். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சேவியர் அண்ணன்தான் எங்கள் உலையைப் பார்த்துக்கொள்கிறார். பத்தாவது தடவை கரியை எரித்தபோது சொன்னார்: "கொஞ்சம் உழைச்சதும் ரெஸ்ட் கேக்குது மேடம். ஆனா கேட்டுட்டு திரும்பி வேலைக்கு வருதே, அதுவே பெரிசு."

மூச்சு

பின்தெருவிலிருந்து ஒருவர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் கார வாடை வருகிறது என்றார். நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். ஏரி சுத்தமாகும், டீசல் மிச்சமாகும், மழையில் வெள்ளம் வடியும். அந்தச் சிறுமி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விடுவதை நடுவில்தான் கவனித்தேன். சேவியர் அண்ணன் அதற்குள் உலையை அணைத்திருந்தார்.

குழாய் இணைப்பில் கசிவு. அதை மாற்றி, மிஞ்சும் வாயு வெளியே போகாமல் உலை அடுப்பிலேயே எரியும்படி செய்ய மூன்று வாரம் ஆனது. அதுவரை ஷெட்டைப் பூட்டி வைத்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பே என் மூக்கை அடைத்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பின்தெருக்காரர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "ஏரிக்கு நல்லது பண்றீங்க, சரி. அதுக்கு எங்க பொண்ணு ஏன் மேடம் இன்ஹேலர் போடணும்?"

இரண்டாம் கேன்

பாஸ்கரிடம் மறுபடி போகக் கால் வரவில்லை. போனேன். இந்தத் தடவை எண்ணெயில் என்னென்ன குறை இருக்கிறது என்பதை முதலில் சொன்னேன். கொஞ்சமாக டீசலோடு கலந்து ஊற்றினார். சாயங்காலம்வரை பாய்லர் பக்கத்தில் நின்றேன். நீராவி குறையவில்லை. கடைசி விரிப்பும் காய்ந்து மடிப்புக்குப் போனது. "இப்பவாவது உக்காருங்க மேடம், டீ சொல்லியிருக்கேன்."

விருந்தாளி

சிறுசேரி கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு அதிகாரி ஏரியைப் பார்க்க வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "டிமாண்ட் ஏறினா ரெண்டு ஏரியில நாமே இதை வளர்க்கலாமே?" என்றார். ஒரு நிமிடம் என் மனசும் கணக்குப் போட்டது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. கரையில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த தேவகி அக்கா நிமிர்ந்தார். "வளக்கறதா? இப்பதான் சார் இந்த ஏரியில தண்ணியே கண்ணுக்குத் தெரியுது."

எங்கள் தொழில் முழு வெற்றி பெறும் நாளில் நான் வேறு வேலை தேடியாக வேண்டும், ஆனால் ஆகாயத்தாமரை வளரும் வேகத்தைப் பார்த்தால் விண்ணப்பம் எழுத அவசரமில்லை.