மஞ்சள் பூசிய திமிங்கலம்

மூலக்குளத்திலிருந்து நான் ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள், அவள் அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைக் கடந்து வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அதுகூட எனக்கு உறுத்தும். என்னைவிட இளையவள், எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், வாய் நிறைய என்னை அக்கா என்று கூப்பிடுபவள். இப்படிப்பட்ட ஒருத்தி மேல் பொறாமைப்படுவது எளிதல்ல. ஆனாலும் பட்டேன்.

எங்கள் வேலை, திமிங்கலங்களில் எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது. டிஎன்ஏ என்கிற மரபுத் தொடரில் சில குட்டித் துண்டுகள் தம்மைத் தாமே நகலெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். செருகியது அநேகமாக வெளியே வராது. தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே போகும். இரண்டு விலங்குகளில் அதே துண்டு அதே இடத்தில் இருந்தால், அவை ஒரே மூதாதையின் வழி வந்தவை என்று நம்பலாம். திமிங்கலத்துக்கு நீர்யானை நெருங்கிய சொந்தம் என்பதற்கு இந்தச் செருகல்களும் சாட்சி. உருவத்தைப் பார்த்தால் யார் சொல்வார்கள்?

அந்த இடத்தை மட்டும் நகலெடுத்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல் பாளத்தில் ஓடவிடுவோம். செருகல் இருந்தால் துண்டு நீளம். மெதுவாக நகர்ந்து மேலேயே நின்றுவிடும். இல்லையென்றால் கீழே இறங்கிவிடும். மேலே ஒரு கோடு அல்லது கீழே ஒரு கோடு. இழுபறி கிடையாது. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

என் பங்குக்கு வந்தது குட்டை ஸ்பெர்ம் திமிங்கலம். பெரிய ஸ்பெர்ம் திமிங்கலத்தில் நாங்கள் பார்த்த ஒரு செருகல் இதிலும் உண்டா என்று காட்ட வேண்டும். யார் காட்டுகிறார்களோ அவர்கள் பெயர் கட்டுரையில் முதலில் வரும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். இத்தனை வருட வேலையில் என் பெயர் ஒருமுறையும் முதலில் வந்ததில்லை. என்னிடம் இருந்ததோ கண்ணாடி அலமாரியில் வெகுகாலமாகக் கிடந்த ஓர் எலும்பு. பொடித்தேன், கரைத்தேன், சுத்தம் செய்யும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஜெல்லில் என் லேன், அதாவது கோடு விழவேண்டிய தடம், காலியாகவே நின்றது. எலும்புக்குள் மரபுத் தொடர் எல்லாம் நொறுங்கிப்போயிருந்தது.

ஒரு நாள் காலை பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

“அக்கா, எங்க கரையில ஒண்ணு செத்து ஒதுங்கியிருக்கு. குட்டைதான், தலையப் பார்த்தாலே தெரியுது. வனத்துறை ஆளுங்க வந்துட்டாங்க, சாரும் அனுமதி வாங்கிட்டாரு. ஒரு துண்டு எடுத்துட்டு வந்துடறேன்.”

“எடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

“இன்னாம்மா, காசக் குடுத்துட்டு பூவ வுட்டுட்டுப் போற?” என்று பூக்காரம்மா பின்னாலிருந்து கத்தினார்.

கடல் அவளுக்கு வாசலிலேயே கொண்டுவந்து போடுகிறது. எனக்கு அலமாரி.

அவள் அதை ஜெல்லில் ஓடவிட்ட அன்று, நான் குழாய்களுக்குப் பெயர் எழுதுவதுபோல் பக்கத்திலேயே நின்றேன். விளக்கில் வைத்துப் பார்த்தாள். காலி.

“எனக்கும் வரலக்கா.”

“பாவம்,” என்றேன். அன்று கேண்டீனில் வடை ருசியாக இருந்தது.

மறுநாள் ஃப்ரீசரை ஒழுங்குபடுத்தும்போதுதான் கவனித்தேன். என் குழாய்கள் எல்லாம் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன. அவளுடையதில் மஞ்சள் ஓடியிருந்தது.

“இது என்ன நிறம்?”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, மஞ்சத்தூள்க்கா! அப்படி ஒதுங்கினா மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, பூப் போட்டுத்தான் எங்க கரையில புதைப்பாங்க. மாமியார் தட்டோட வந்துட்டாங்க.”

“அவங்க பூசறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்கலாமே?”

“நான்தான்க்கா பூசினேன். பூசாம எப்படிக் கத்தி வைக்கிறது?”

கையுறை போடாமல் எப்படி என்று கேட்பதுபோலக் கேட்டாள். மஞ்சள் கலந்தால் நகலெடுப்பு நின்றுபோகலாம் என்று எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். பிஎச்டி வாங்கியவள். திட்ட வாயெடுத்தவள், அலமாரிப் பக்கம் திரும்பினேன். என் எலும்பு எந்தக் கரையில் ஒதுங்கியது, அதற்கு யாராவது ஒரு பூவாவது போட்டார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. அதுவரை அவளுடைய சதைத் துண்டின் மேல்தான் எனக்குப் பொறாமை. அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பூசிய கையின் மேலும்.

“நீங்களே சுத்தம் பண்ணிக் குடுங்கக்கா. அந்த எலும்பையே என்னா கழுவு கழுவினீங்க!” என்று சிரித்தாள்.

செய்து கொடுத்தேன். பெருந்தன்மை இல்லை. அழுக்கான குழாய் என் ரேக்கில் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேல்தோலை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து எடுத்து, எலும்புக்காக நான் பழகிய முறையிலேயே சுத்தம் செய்தேன். கடைசி லேனில் என் எலும்பையும் இன்னொருமுறை சேர்த்து ஓடவிட்டேன்.

ஒப்பிடுவதற்காக வைத்த பல் இல்லாத திமிங்கலத்துக்குக் கோடு கீழே. பெரிய ஸ்பெர்முக்கு மேலே. அவளுடையதற்கும் மேலே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல அதே மட்டத்தில். பக்கத்தில் என் லேன், காலி.

துறைத்தலைவர் வந்து கணினியில் ஜெல்லின் படத்தைக் குனிந்து பார்த்தார். “பிரமாதம். உன் பேர்தாம்மா முதல்ல,” என்றார் அவளிடம். பிறகு, “அந்தக் கடைசி லேன் எதுக்கு? படத்துல வெட்டிடுங்க.”

“வேணாம் சார். அது அக்காவோடது, இருக்கட்டும்,” என்றாள்.

அவர் வெட்டச் சொன்னபோது வராத கோபம், அவள் வேண்டாம் என்றபோது வந்தது. அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி, நானே வெட்டினேன். கொஞ்சமும் கோணாமல்.