கடலோடு நின்றுவிட்ட கூரியர்

கண்ணாடி உடைந்ததிலிருந்து அம்மா மீன் தின்னவில்லை. முள் தெரியவில்லையாம்.

தபால் தாமதமாகும் என்று தங்கை கொழும்பிலிருந்து புதுக் கண்ணாடியைத் தனியார் கூரியரில் அனுப்பினாள். இரண்டே நாளில் வீட்டு வாசலில் தருவார்களாம்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

"அக்கா, பார்சல் குறிகட்டுவான் இறங்குதுறையிலை கிடக்கு. வந்து எடுங்கோ."

"தம்பி, என்ரை வீடு நெடுந்தீவிலை. நடுவிலை கடல் கிடக்கு."

"கடல் தாண்டி எங்களாலை வர ஏலாது அக்கா."

ஒரு வாரம் கழித்து, இன்று, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் தபால்காரர் பார்சலை நீட்டினார். கூரியர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அரச தபால் முத்திரை.

"அவங்கள் ஏலாதெண்டு அக்கரையிலை எங்கடை தபாற்கந்தோரிலை போட்டுட்டுப் போட்டாங்கள், பிள்ளை."

தபாலைத் தனியாருக்குக் கொடுத்தால் சேவை முன்னேறும் என்று எழுதுகிறவர்களே, கொடுங்கள். அதற்கு முன் படகேறத் தெரிந்த கூரியர் ஒன்றைக் கீழே பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.