உதடு தெரியும் பெட்டி

காலை 9.10. மட்டாஞ்சேரியில் பஸ் ஏறினோம், நானும் பக்கத்து வீட்டு லீலாவும். எர்ணாகுளம் எம்.ஜி. ரோடு வரை ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் தலைக்கு இருபது ரூபாய். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லீலாவிடம், "அம்மா எங்கே இறங்கணும்?" என்று கேட்டான். "டிக்கெட் எனக்கு. என்கிட்டே கேளு" என்றேன். அன்றைய கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

என் இடது காது போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வலது காதில் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால் சொல் வந்துவிடும். என் ஒரே மகள் சகுந்தலா மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். அவள் படித்தது மலையாளம், தமிழ் எழுத வராது. எனக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்கிற தமிழ் மட்டும்தான். அதனால் கடிதம் எங்களுக்குள் கிடையாது. போனில் முகம் பார்த்துப் பேச அழைத்தால் படம் உடைந்து உடைந்து வரும். ஆகவே அவள் முகத்தைக் கிட்டே வைத்துப் பேசி, வீடியோவாக எடுத்து அனுப்புவாள். போன் திரையில் அந்த முகம் எலுமிச்சம்பழம் அளவுதான். தெருமுனை போட்டோக் கடையில் பென்டிரைவில் ஏற்றி அங்கே உள்ள பழைய கம்ப்யூட்டரில் போட்டால், வாய் திறந்தபடியே நின்றுவிடும். மூடும்போது நாலு சொல் போயிருக்கும். எங்கள் டிவியில் பென்டிரைவ் குத்த இடமே இல்லை.

அப்படிப் பார்க்காமல் சேர்ந்த வீடியோ பதினொன்று. மூன்று வாரம் முன்பு சகுந்தலா மலையாளத்தில் ஒரு வரி அனுப்பினாள். லீலா படித்துச் சொன்னாள்: "அஞ்சாவதைப் பாத்துட்டு பதில் சொல்லும்மா." பார்க்காமல் என்ன பதில் சொல்ல?

"நான் கேட்டுச் சொல்லட்டா அக்கா?" என்றாள் லீலா. நல்ல மனசு அவளுக்கு. ஆனால் என் மகள் எனக்குச் சொன்னதை இன்னொரு வாயிலிருந்து வாங்க எனக்கு மனமில்லை. சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு லேப்டாப் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

வெலிங்டன் தீவைக் கடந்து, தேவராவில் நெரிசலில் இருபது நிமிஷம் நின்று, 10.20க்கு இறங்கினோம். கம்ப்யூட்டர் கடை பெரிசு, உள்ளே குளிர். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனைக்காரன் வந்தான். வந்தவன் லீலாவிடம், "சேச்சி, யாருக்கு?" என்றான்.

"இவங்களுக்கு."

"அம்மைக்கு மொபைல் போதாதா?" என்று சிரித்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னான். எனக்குத் தெரிந்தது அவன் காது மட்டும்தான்.

"தம்பி, என் முகத்தைப் பாத்துப் பேசு. வாங்கறது நான்."

பேசினான். ஆனால் காட்டியது அம்மிக்கல் மாதிரி ஒரு பெட்டி. தனி கிராபிக்ஸ் கார்டாம், விளையாடுகிறவர்கள் வாங்குவதாம், எண்பத்தைந்தாயிரமாம். தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு வலித்தது. "வீடியோ தெளிவா ஓடணும்னா இது வேணும்" என்று கிளி பறக்கிற படம் ஒன்றைப் போட்டான்.

"கிளிக்கு உதடு உண்டா?" என்றேன். "என் பென்டிரைவைப் போடு."

"அது முடியாது அம்மே. வைரஸ் உள்ளே கேறும்."

முப்பது வருஷம் மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் சுக்கு பிரித்தவள் நான். மேலே வைத்த மாதிரிச் சரக்கைப் பார்த்து மூட்டை வாங்கின வியாபாரியை நான் கண்டதில்லை. அடிவரைக்கும் கை விடுவார்கள். அதைச் சொன்னேன், உரக்கவே சொன்னேன். லீலா என் முந்தானையை இழுத்தாள்: "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அப்போதுதான் சர்வீஸ் மேஜையில் ஸ்குரூடிரைவரோடு இருந்த பெண் எழுந்து வந்தாள். பெயர் நிஷா. என் நேர் எதிரே நின்று நிதானமாக, "பென்டிரைவ் தாங்க அம்மே. வைரஸ் உண்டான்னு என் கம்ப்யூட்டர்ல நோக்கிட்டுப் போடுறேன்" என்றாள்.

போட்டாள். முதலில் ஒரு சின்னப் பெட்டி, இருபத்தோராயிரம். போட்டோக் கடைக் கதைதான், வாய் நின்றது. உதடு ஒட்டிப் பிரிவது ஒரு கண் சிமிட்டல்தான். அந்த இடத்தில் படம் நின்றால் 'வரமாட்டேன்' என்பது 'வரேன்' ஆகிவிடும்.

"மகளோட போன் புதுசு" என்றாள் நிஷா. "படத்தை இறுக்கிச் சுருட்டி வைக்குது. இதில உள்ள சிப்பு பழசு, அவிழ்க்கத் தெரியாம முழிக்குது."

"அப்போ அந்த அம்மிக்கல்தான் வாங்கணுமா?"

"எதுக்கு? புதிய சிப்புக்கு உள்ளேயே அவிழ்க்கிற வித்தை உண்டு. தனி கார்டு வேண்டாம்."

இன்னொரு சின்னப் பெட்டி எடுத்தாள். ஒன்றேகால் கிலோ, முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. விற்பனைக்காரன் அதை என்னிடம் காட்டவே இல்லை. நாற்பது நிமிஷமாக என் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"சத்தத்தை அடைச்சிடு" என்றேன். ஐந்தாவது ஓடியது. நிற்கவில்லை. சகுந்தலாவின் உதடு எனக்கு மட்டும் பேசியது: "அம்மா, வேலையை விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு. உன்கிட்டே சொல்லப் பயம். ஊருக்கு வரட்டுமா? வேண்டாம்னா சொல்லிடு, இங்கேயே வேற தேடிக்கிறேன்."

லீலாவிடம் போனைக் கொடுத்து என்னை வீடியோ எடுக்கச் சொன்னேன். "வா" என்றேன். ஒரே சொல். அங்கேயே அனுப்பிவிட்டோம்.

"என்னவாம் அக்கா?"

"வந்தா அவளே சொல்லுவா."

பணம் கட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 12.40 பஸ்ஸில் திரும்பினோம். எர்ணாகுளம் பெரிய ஊர்தான், கடைக்குள் குளிர்காலமே வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் சந்தையில் என்னைத் திட்டுவதாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துத் திட்டுவார்கள்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாவதற்குப் பிறகு வந்த ஆறையும் வரிசையாகப் பார்த்தேன். ஆறாவதில், "பாத்தியாம்மா?" என்கிறாள். ஏழாவதில், "கோபமா?" எட்டாவதிலும் அதேதான். ஒன்பதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, புரியுது" என்கிறாள். என்ன புரிந்தது அவளுக்கு? வேண்டாமென்று நான் வாயே திறக்கவில்லையே!

பத்திலும் பதினொன்றிலும் அவள் எதையும் கேட்கவில்லை. மஸ்கட்டில் இந்த வருஷம் வெயில் அதிகம் என்று மட்டும் சொல்கிறாள்.