கறுப்புக் கிடாயை எடைபோட்ட அன்புக்கரசி

அன்புக்கரசி என்ற பெயரைச் சின்னாத்தாள் முதலில் கேட்டது உடுமலைப்பேட்டைப் பக்கம் ஓர் ஆட்டுச் சந்தையில். பேரன் கவினுக்குக் காதுகுத்து. கறி விருந்துக்குக் கிடாய் பிடிக்க வந்திருந்தாள். "எதுக்கும் அன்புக்கரசிகிட்டக் கேட்டுப்போடுங்க. தூக்கிப் பாத்தாப் போதும், கறி எத்தனை கிலோ தேறும்னு சொல்லிப்போடும்" என்றார் ஒரு வியாபாரி.

சின்னாத்தாள் ஏதோ பீமன் மாதிரி ஒருத்தியை எதிர்பார்த்தாள். வந்ததோ கொத்தவரங்காய் போல ஒரு பெண், தலையில் ஹெல்மெட்டோடு.

சின்னாத்தாளுக்குப் பிடித்திருந்தது தாடி வைத்த பெரிய கிடாய். பதினெட்டுக் கிலோவுக்குக் குறையாது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அன்புக்கரசி அதன் வயிற்றில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி இறக்கினாள்.

"பதினொண்ணுதானுங்க ஆத்தா. மீதி காலைல குடிச்ச தண்ணி."

பக்கத்தில் நின்ற ஒல்லிக் கறுப்புக் கிடாயைத் தூக்கிப் பார்த்து, அதுதான் பதினைந்து என்றாள். சின்னாத்தாள் சிரித்துவிட்டுத் தாடிக்காரனையே ஓட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பனை அன்புக்கரசி தனக்கே வாங்கிக்கொண்டு, போன் நம்பரைக் கொடுத்துப் போனாள்.

வழியில் மருமகள் லோகப்பிரியா, "அவங்களை அண்டர் எஸ்டிமேட் பண்ணிட்டீங்க அத்தை" என்றாள். அவள் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இங்கிலீஷ் டீச்சர். அப்படியென்றால் என்ன என்று மாமியார் கேட்க, இருப்பதைவிடக் கம்மியாக எடைபோடுவது என்றாள். ஆளுக்கு மட்டுந்தானா, ஆட்டுக்கும் சொல்லலாமா? எதற்கும் சொல்லலாமாம். கூட்டி எடைபோட்டால்? அது ஓவர் எஸ்டிமேட்டாம். வெள்ளைக்காரன் எல்லாவற்றுக்கும் ஒரு தராசு வைத்திருக்கிறான் என்று சின்னாத்தாள் வியந்துகொண்டாள்.

காதுகுத்தன்று காலை ஏழு மணிக்குக் கறி தராசில் ஏறியது. பதினொன்று. தராசுதான் பழுது என்று பக்கத்துத் தோட்டத்துத் தராசைக் கொண்டுவரச் சொன்னாள். பதினொன்று. ரேஷன் கடைக்காரர் வீட்டுத் தராசு இன்னும் நூறு கிராம் குறைத்தது. மத்தியானம் எண்பது பேர் வருவார்கள், பாதிப் பேர் லோகப்பிரியாவின் பிறந்த வீட்டு ஜனம். அவர்கள் கறி பத்தாமல் எழுந்தால் அந்தப் பேச்சு கவினின் கல்யாணம்வரை ஓடும். மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. சின்னாத்தாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு களத்தை நாலு சுற்றுச் சுற்றினாள். ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டாள்.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டி வந்தது. கால் வைக்கும் இடத்தில் கறுப்பன், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றான்.

"உன்னைய அண்டர் எஸ்டிமேட் பண்ணிப்போட்டேன் கண்ணு."

"நானும் உங்களை ஓவர் எஸ்டிமேட் பண்ணிப்போட்டனுங்க ஆத்தா" என்றாள் அன்புக்கரசி, ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "ஏழரைக்கே கூப்புடுவீங்கன்னு இவனைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தேன்."

சின்னாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லோகப்பிரியா உரலில் சாய்ந்து சிரித்தாள். சமையல்காரர் மட்டும் அடுப்பு எரிகிறது என்று கத்தினார்.

கறுப்பன் பதினைந்து, கிராம் பிசகவில்லை. சம்பந்தி ஜனம் மூன்றாந்தரம் கறி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழ முடியாமல் எழுந்தார்கள். முதல் பந்தியில், சின்னாத்தாளின் பக்கத்து இலையில், அன்புக்கரசி உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து சின்னாத்தாள் பேச்சுக்குப் பேச்சு மிளகாயை அண்டர் எஸ்டிமேட் பண்ணினாள், மேகத்தை ஓவர் எஸ்டிமேட் பண்ணினாள், கொசுவைக்கூட விடவில்லை.

அன்புக்கரசி இப்போது சூலூரில் தன் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். சந்தை நாளில் மட்டும் ஸ்கூட்டியில் உடுமலைக்கு வந்து போகிறாள்.