ஏரிக்குள் விட்ட ஆமை

சில்க்போர்க் ஏரிக்கரையில் அந்த மனிதரை ஒரேயொரு தரம்தான் கண்டேன். அறுபது வயதிருக்கும். நல்ல வெயிலிலும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, குளிக்கும் துறையருகே நீளத் தடியால் சேற்றைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அங்கேதான் நீந்திக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"ஆமை. கடிக்கிற சாதி. உள்ளங்கையளவில வாங்கினனான். ஆமை புகுந்த வீடு உருப்படாதெண்டு மனுசி ஒற்றைக்காலில நிண்டா. கொண்டுவந்து இதுக்குள்ள விட்டிட்டன். இருவது வருசமாச்சு."

"குளிருக்குச் செத்திருக்குமே?"

"ஐசுக்குக் கீழ சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும் தம்பி. சேறும் பாசியும்தான் அதுக்கு வீடு. நாப்பது அம்பது வருசம் இருக்குமாம். எனக்குப் பிறகும் இருக்கும்."

மகளைக் கரைக்கு வரச் சொன்னேன். "கொஞ்ச நேரம்" என்று டேனிஷில் கத்திவிட்டு அவள் மூழ்கினாள். அவர் தடியை இறுக்கிப் பிடித்தபடி குமிழிகளையே பார்த்தார். அவள் தலை வெளியே வந்தபிறகுதான் இருவரும் மூச்சுவிட்டோம்.

"ஒவ்வொரு பிள்ளை மூழ்கேக்கையும் எனக்கு இப்பிடித்தான்" என்றார்.

பிறகு நாங்கள் வேறு ஏரிக்குப் போகத் தொடங்கினோம். அவருக்கு வேறு ஏரி இல்லை.