மயிலுக்கு எத்தனை கிலோ பச்சை?

போன வாரம் மலேசியாவின் குளுவாங் நகர மால் ஒன்றில், அத்தனை பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்தபடியே கைதட்டிக் கத்தினேன். எதற்கு? பச்சைச் சாயம் போட்ட ஒரு கைப்பிடி அரிசிக்கு!

போன தீபாவளிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரெங்கம் கோலக் குழு அதே மாலில் சாய அரிசியில் மயில் போட்டது. பாதித் தோகையில் பச்சை தீர்ந்துவிட்டது. அவசரமாகச் சாயம் கலந்தால்... அது வேறு பச்சை! பார்க்க வந்த ஒருத்தர், "மயிலுக்குத் தேமலா?" என்று கேட்டே விட்டார்.

குழுத் தலைவி பரமேஸ்வரி அக்கா அதை மறக்கவே இல்லை. "இந்த வருஷமும் பத்தலன்னா, இனிமே நான் கோலத்தைத் தொடமாட்டேன்" என்றார்.

சும்மா இருக்க முடியுமா? ஃபேக்டரி வேலைக்காகக் கொஞ்சம் கோடிங் படித்தவள் நான். "வரைஞ்ச படத்தைக் குடுங்கக்கா. எந்தக் கலர் எவ்ளோன்னு கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லும்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

படத்தைப் போட்டோ எடுத்தேன். போட்டோ என்பது பொடிப்பொடிப் புள்ளிகள் — பிக்சல்கள். ஒவ்வொன்றின் நிறத்தையும் படித்து எண்ண நாலைந்து வரி கோடிங் போதும். புள்ளியில் பச்சைக்கு என்ன பங்கோ, அரிசியிலும் அதே பங்கு. அவ்வளவுதானே?

எண்ணினேன். கோலத்துக்கு வேண்டிய மொத்த அரிசி எண்பது கிலோவில் வெள்ளை மட்டும் நாற்பது!

"அலமாக்! நாம போடறது மயிலா, கொக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா.

கோலத்துக்கு வெளியே இருந்த வெறும் பேப்பரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன், மடச்சி! அதைத் தள்ளினேன். நிழல் விழுந்து ஒரே பச்சை நூறு பச்சையாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியையும் எங்கள் ஆறு சாயத்தில் எது கிட்டவோ அதோடு சேர்த்தேன். பச்சை, இருபத்தெட்டு கிலோ. அக்காவின் கண்ணளவு பதினெட்டு.

"மிஞ்சினா நீதான் ஆக்கித் திங்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சாயம் கலந்தார்.

கோல நாள். கடைசித் தோகைக்கு வரும்போது வாளியில் அடி தெரிந்தது. வாளிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். அக்கா அள்ளினார்... தூவினார்... முடிந்தது! வாளியில் ஒரு கைப்பிடி மிச்சம். தேமல் இல்லாத மயில்!

எண்ணியது என் கோடிங்தான், மார்தட்டிக்கொள்கிறேன். ஆனால், அத்தனை அரிசியையும் ஒரே கனத்தில் பரப்பிய கை அக்காவுடையது. அந்தக் கை இல்லாவிட்டால் என் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

இனிமேல் கோலத்தைத் தொடமாட்டேன் என்றவர், மிச்ச அரிசியை என் கையில் கொட்டிவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வருஷம் கொக்கே போட்டுருவோம்லா. வெள்ளை எத்தனை கிலோன்னு இப்பவே எண்ணி வை!"