நான்கு மணிப் பனிமழை

காலை எட்டே முக்காலுக்குக் கரமனைப் பாலத்தருகே பேருந்துக்காக நின்றோம். டிசம்பர் விடுமுறை. திருவனந்தபுரத்தில் டிசம்பர் என்பது நாட்காட்டியில் மட்டும் இருக்கிற மாதம். வெயிலுக்கு அந்தச் செய்தி வந்து சேருவதே இல்லை. மனைவி வத்சலாவின் தோளில் பெரிய பை: மாற்றுச் சட்டைகள், டயப்பர், தயிர்சாதம், வெந்நீர். என் இடுப்பில் மகள் மீனு. இரண்டு வயது எட்டு மாதம். நெடுமங்காட்டைத் தாண்டி, பொன்முடி போகிற சாலையில், கல்லாற்றுக்கு வெகு முன்னாலேயே ஒரு கேளிக்கைப் பூங்கா வருகிறது. விடுமுறைக்காக அங்கே ‘பனிமழை’ என்று ஒரு நிகழ்ச்சி. நுழைவுக்கு ஒரு டிக்கெட், பனிமழைக்குத் தனி டிக்கெட். எங்களுக்குக் கிடைத்தது மாலை நான்கு மணிப் பனிமழை.

ஒலிபெருக்கியைக் கண்டாலே தெருவை மாற்றிக்கொள்கிற எழுத்தாளன் நான். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் அங்கே போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

மீனு இன்னும் பேசவில்லை. ஒரு சொல்கூட இல்லை. மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள், கேட்கிறது. விரல் நீட்டி எதையாவது காட்டுகிறாளா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். வீட்டில் எத்தனை மொழி பேசுகிறீர்கள் என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் கேட்டார். தமிழ், மலையாளம், வத்சலா அலுவலகத்திலிருந்து காலணியோடு உள்ளே கொண்டுவருகிற ஆங்கிலம். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை குழம்ப வேண்டாம் என்றார். மலையாளத்தை வைத்துக்கொண்டோம். அங்கன்வாடியில் அதுதான், பக்கத்து வீட்டில் அதுதான், பயிற்சியிலும் அதுதான். வத்சலா கரமனையில் பிறந்தவள். மலையாளம் அவளுக்கு இன்னொரு நுரையீரல். நான் கல்யாணத்துக்குப் பிறகு கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவன். என் மலையாளம் காய்கறிக் கடைக்கும் மின்சார அலுவலகத்துக்கும் போதும். ஓணம் கழிந்ததிலிருந்து என் மகளோடு அந்தக் கடை மலையாளத்தில்தான் பேசிவருகிறேன். வா, போ, சாப்பிடு என்பதற்குக் கழிக்கு, போதும் என்பதற்கு மதி. அதற்கு மேல் இல்லாததால் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இப்போது பேசாதவர்கள் இரண்டு பேர்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, இதே பாலத்தருகே, இந்தப் பூங்காவின் விளம்பரப் பலகை புதிதாக முளைத்திருந்தது. கருநீல வானம், அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ இறங்குகிறது. மீனுவின் கை எழுந்தது. கையிலிருந்து ஒரு விரல், மொட்டிலிருந்து இதழ் பிரிவதுபோல, தனியே பிரிந்தது. அந்த வெள்ளையை நோக்கி நின்றது. ஒரு பேருந்து வந்து மறைத்தது. விரல் மடங்கிவிட்டது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். வத்சலா அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே கைபேசியில் பனிமழை டிக்கெட் போட்டாள். “இன்னொரு தரம் காட்டினா போறும்னா. ஒரே ஒரு தரம். நான் பாக்கணும்” என்றாள்.

நெடுமங்காட்டுப் பேருந்தில் எங்களுக்கு இடம் கொடுத்த பெண்மணி, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, “மோளுடெ பேரெந்தா?” என்றார். மீனு சன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். “நாணமாணோ?” என்று அவரே கேட்டார். “ஆமாம், நாணம்” என்றாள் வத்சலா. நாணம் என்கிற சொல்லை இந்த வருடம் முழுவதும் குடையைப்போல விரித்துப் பிடித்திருக்கிறோம். எத்தனை பேர் கேட்டாலும் அதன் கீழே ஒதுங்கிக்கொள்ளலாம்.

நெடுமங்காட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ரப்பர் மரங்கள் ஒரே சாய்வில் நின்றன, வரிசையில் நிற்பதற்கே பிறந்தவைபோல. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பனிமழைக்கோ சாரே? அவிடெ மஞ்ஞொண்ணும் இல்ல கேட்டோ. சோப்பாணு, சோப்பு. என்றெ அளியன் அவிடெயா ஜோலி. டிரம் கணக்கிலெ சோப்பு கலக்கும்.”

மச்சினன் அங்கே வேலை செய்கிறவர், பனி இல்லை சோப்புதான் என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வத்சலா அவரை முறைத்தாள். அவர் உடனே சமாதானத்துக்கு வந்தார். “பின்னெ, பிள்ளேர்க்கு மஞ்ஞும் சோப்பும் ஒண்ணுதன்னெ.”

பதினோரு மணிக்கு வாசல். பெரியவர்களுக்கு எண்ணூறு, குழந்தைக்கு ஐந்நூறு. தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு இலவசம். அளப்பதற்குச் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். மீனு அதன்கீழ் நிற்க மறுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன், வத்சலா காலைப் பிடித்தாள். தலை கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை போயிற்று. “டிக்கெட் வேணம்” என்று கவுண்டர்ப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், எங்களோடு சண்டை வரும் என்று நினைத்திருப்பாள். வத்சலாவோ ஏதோ பரிசு வாங்குகிறவளைப்போலப் பணத்தை நீட்டினாள். இந்த ஆண்டு எத்தனையோ அட்டவணைகளுக்கு முன்னால் மீனுவை நிறுத்தினோம். ஓர் அளவுகோலை அவள் தாண்டிய ஒரே இடம் அந்த ஒட்டகச்சிவிங்கி.

உள்ளே நூறு குழந்தைகள் பேசிக்கொண்டிருந்தன. இதை எப்படி எழுதுவது? ராட்டினம் சுற்றியது, தண்ணீர்ச் சறுக்கில் ஆட்கள் அலறினார்கள், பஞ்சுமிட்டாய் எண்பது ரூபாய்க்கு விற்றது. எனக்குக் கேட்டதெல்லாம் அதுதான்: குழந்தைகள் பேசுகின்றன. அது வேண்டும், இது வேண்டாம், மூத்திரம் வருகிறது, அவன் என்னை அடித்தான். சொற்களை அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டு போயின. மீனு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நடைபாதை ஓரத்துக் கூழாங்கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

வத்சலா விடவில்லை. பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி எல்லாவற்றையும் மும்முறை சொன்னாள். பிளாஸ்டிக் யானைக்கு முன்னால், “ஆன! ஆன! நோக்கு மோளே, வலிய ஆன!” மீனுவின் சுட்டுவிரலைத் தானே பிடித்து நீட்டினாள். அம்மாவின் கைக்குள் அந்த விரல் மூடி கழன்ற பேனாவைப்போல இருந்தது, மை இல்லாத பேனா.

“நீங்களும் சொல்லுங்கோன்னா. சும்மா பின்னாடியே வந்துண்டிருக்கேள்.”

“ஆன” என்றேன். என் குரல் எனக்கே யாரோ ஒருவருடையதாகக் கேட்டது.

இரண்டு மணிக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார். சிவப்பு உடைக்குள் ஓர் ஆள் வெந்துகொண்டிருந்தார். வரிசையில் எங்கள் முறை வந்தபோது தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு சோடா குடித்துக்கொண்டிருந்தவர், நாங்கள் இருவரும் தமிழில் வாதாடுவதைக் கேட்டுவிட்டார். தாடியை மேலே ஏற்றி, அழுதுகொண்டிருந்த மீனுவின் முன் மண்டியிட்டு, “கரையாத மக்ளே, கேட்டியா. தாத்தா ஒண்ணும் செய்யமாட்டேன்” என்றார். களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ். அந்தச் சிவப்பிலிருந்து அந்தத் தமிழ் வந்தது எனக்குத் தாகத்துக்குத் தண்ணீர்போல இருந்தது. மீனு அழுகையை நிறுத்திவிட்டு அவர் தாடியைப் பார்த்தாள்.

வத்சலா மெல்லச் சொன்னாள்: “தப்பா எடுத்துக்காதீங்கோ. கொழந்தேட்ட மலையாளத்துல பேசுவேளா? டாக்டர் ஒரே பாஷைதான்னு சொல்லிருக்கா.”

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “அதுக்கென்ன அம்மா? கிறிஸ்மஸ் தாத்தாவுக்குத் தெரியாத பாஷை உண்டா?” என்றவர், மலையாளத்துக்கு மாறி, “மோளே, மிட்டாயி வேணோ?” என்றார். மீனு மறுபடி அழத் தொடங்கினாள். மலையாளத்துக்கு அழுதாளா, தாடிக்கு அழுதாளா, யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் சுடும்.

மூன்றரை மணிக்குப் பனிமழை மைதானத்து வரிசை. செருப்புகளைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். தகரக் கூரை. அழுது களைத்த மீனு என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவள் மூச்சு மாறுவது கழுத்தில் தெரிந்தது.

“தூங்கப்படாது! தூங்க விடாதீங்கோ!” வத்சலா அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள், உள்ளங்காலைக் கிள்ளினாள். நான் தோளைக் குலுக்கினேன். வாசலில் நின்ற ஊழியரிடம், ஆறு மணிக் காட்சிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது, எல்லாம் நிறைந்துவிட்டது என்றார். அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருக்க வேண்டும்; மீனுவைப் பார்த்துவிட்டு, “உறங்கியோ? கஷ்டமாயி” என்றார்.

சரியாக நான்கு மணிக்குப் பெய்தது. கூரை விளிம்பிலிருந்த குழாய்கள் இருமி, துப்பி, பிறகு கொட்டின. வெள்ளை. ஆட்டோக்காரர் சொன்ன அதே சோப்பு. ஆனாலும் நான் பொய் சொல்ல மாட்டேன்: அழகாக இருந்தது. கேரளத்து வெயில் அதற்குள் புகுந்து ஒவ்வொரு குமிழியிலும் ஒரு சின்னச் சூரியனை வைத்தது. பிள்ளைகள் முழங்கால் ஆழத்தில் கூவினார்கள். எங்கள் மகளின் இமைமேல் ஒரு துளி வந்து அமர்ந்தது, உடைந்தது, அவள் அசையவில்லை. வத்சலா கூட்டத்தின் நடுவே நின்று, தூங்குகிறவளின் கையை எடுத்து, அந்த வெள்ளையை நோக்கி நீட்டிப் பிடித்திருந்தாள். விட்டதும் கை விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. அருகில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் நாங்களும் இருப்போம், பனியில் நின்று ஏதோ விளையாடுகிற குடும்பமாக.

பத்து நிமிடத்தில் முடிந்தது. கூட்டம் வெளியேறியது. ஊழியர்கள் குழாய் பிடித்து எல்லாவற்றையும் ஓடைக்குத் தள்ளத் தொடங்கினார்கள். வத்சலா முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பு வாங்கப் போனாள். நான் மைதானத்து ஓரத்தில் தனியே நின்றேன்.

அப்போதுதான் மீனு விழித்தாள்.

தலையைத் தூக்கினாள். ஓடை வாயில் அடைத்துக்கொண்டு வெள்ளை குவிந்து, நடுங்கி, உள்ளே இறங்க மறுத்து நின்றது. அவள் கை எழுந்தது. ஒரு விரல் தனியே பிரிந்தது. நேராக அதைக் காட்டியது. காட்டிவிட்டு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என் வாயை.

இதற்காகத்தான் பயிற்சி. காட்டியதும் உடனே பெயர் சொல்ல வேண்டும், விரல் மடங்குவதற்குள். நுரை என்கிற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. தமிழ், கூடாது என்று கடித்து நிறுத்தினேன். மலையாளத்தில் தேடினேன். வா, போ, கழிக்கு, எத்ர ரூபா, கறண்டு போயி. முப்பது வருடம் சொல்லைத் துரத்தித் திரிந்தவன் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என் பெண் காத்திருந்தாள். அவள் காத்திருந்தாள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு ஊழியர் தண்ணீரை வேகமாக அடித்தார். வெள்ளை ஓடைக்குள் போய்விட்டது. விரல் மடங்கியது. கண்கள் என்னை விட்டுப் போயின.

திரும்பும் பேருந்தில், நெடுமங்காடு தாண்டிய பிறகு, வத்சலாவிடம் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“காட்டினாளா? நெஜம்மா? நீங்க என்ன சொன்னேள்?”

“ஒண்ணும் சொல்லல. நுரைக்கு மலையாளத்துல வார்த்தை வரல.”

“பத” என்று சொல்லைத் தந்தாள். பிறகு, “நுரன்னாலும் போறுமே. இங்கயும் அப்படிச் சொல்லுவா.”

அவள் சிரித்தாள். அன்று முழுவதும் வராத சிரிப்பு. “உங்களுக்கா வார்த்தை வரல?” என்று கேட்டுக்கொண்டே சிரித்தாள், தோள் குலுங்கியது, பிறகு அந்தக் குலுக்கலே அழுகையாகிவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார். மீனு சன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். கரமனைப் பாலம் வந்தது. விளம்பரப் பலகையில் இன்னும் பனி பெய்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டில் அவள் தலைமுடியெல்லாம் காய்ந்த சோப்பு. வெந்நீர் வைத்து நானே குளிப்பாட்டினேன். வாளியில் சோப்பைப் போட்டுக் கையால் அடித்து அடித்து வெள்ளையாகப் பொங்கவைத்தேன், மைதானத்தில் பெய்ததைவிட அதிகமாக. அவள் கண்ணை இறுக மூடி, விரல்களைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நுரை” என்றேன். “நுரை, மீனு. நுர.”

கேட்டபோது இல்லாத பதில் இப்போது வாய் நிறைய இருந்தது. வாளியில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.